முன் டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறது: பேட் மாற்றும் முன் வீட்டில் என்னென்ன பார்க்கலாம்?

மண்சாலை:
வணக்கம் நண்பர்களே. என் பைக்கின் முன் டிஸ்க் பிரேக் கொஞ்ச நாளாகக் கத்துகிறது. வேகமாகப் போகும்போது பிடித்தால் ஒன்றும் இல்லை. நிற்கப் போகிற கடைசிச் சில அடியில்தான் 'கீஈஈ' என்று ஊளை. பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். பிடிப்பில் குறை இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேடின் நடுவில் இருக்கும் தேய்மானக் கோடு நன்றாகவே தெரிகிறது, அதாவது பேட் இன்னும் தீரவில்லை. சர்வீஸில் கேட்டால் பேட், டிஸ்க் இரண்டையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். சத்தத்துக்காக நல்ல பொருளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஸ்பேனர் செட் இருக்கிறது, ஆலன் சாவி இருக்கிறது, பொறுமையும் ஓரளவு இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

நட்டுபோல்ட்:
முதலில் சத்தத்தைச் சரியாகக் கேளுங்கள். பாதி வேலை அதில்தான் இருக்கிறது. கீச்சென்று ஒரே சுருதியில் வந்தால் அது அதிர்வு. 'கர்ர்ர்' என்று மணல் அரைப்பது போல வந்தால் பேடின் தேயும் பரப்பான லைனிங் தீர்ந்து, அடியில் இருக்கும் இரும்பு டிஸ்க்கில் உரசுகிறது. வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டியதுதான். பிரேக் பிடிக்காதபோதே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் 'ஷ்க்... ஷ்க்' என்றால் டிஸ்க் வளைந்திருக்கலாம், இல்லை பேடைத் தள்ளும் பிஸ்டன் முழுசாகப் பின்வாங்காமல் இருக்கலாம். லீவரை அழுத்தும் நொடியில் மட்டும் 'க்றீக்' என்றால் அது பிரேக்கே இல்லை, லீவரின் போல்ட் காய்ந்து கிடக்கிறது. வண்டியை நிறுத்தி வைத்து லீவரை மட்டும் அழுத்தி விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்வது முதல் வகை. இன்னும் சில கேள்விகள். காலையில் அதிகமா, சூடான பிறகு அதிகமா? கடைசியாக வண்டி கழுவியபோது சக்கரத்தில் பாலிஷ் ஏதாவது அடித்தார்களா? ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளும்போது முன்பக்கம் கனமாக, இழுத்துப் பிடிப்பது போல இருக்கிறதா?

வேகத்தடை:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பேடைக் கழற்றி உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து மாட்டுங்கள், சத்தம் போய்விடும். எல்லோரும் செய்வது இதுதான்.

மண்சாலை:
காலையிலும் வரும், சூடான பிறகும் வரும். பாலிஷ் எதுவும் இல்லை. தள்ளும்போது கொஞ்சம் கனம் இருப்பது உண்மைதான், அண்ணா. சங்கிலி இறுக்கம் என்று நினைத்திருந்தேன்.

நட்டுபோல்ட்:
தம்பி வேகத்தடை, உப்புத்தாள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கடைசியில் வரவேண்டியது. முதலில் அதைச் செய்தால் சில வாரம் அமைதியாக இருக்கும், அப்புறம் பழையபடி கத்தும். காரணம் சொல்கிறேன்.

ஈரக் கையால் கண்ணாடியை அழுத்தித் தேய்த்தால் கீச்சிடுமே, பிரேக்கிலும் அதேதான் நடக்கிறது. பேட் டிஸ்க்கைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். இது ஒரு நொடியில் ஆயிரம் தடவைக்கு மேல் நடந்தால் அந்த அதிர்வு டிஸ்க்குக்கும், பேடையும் பிஸ்டனையும் தாங்கும் காலிப்பருக்கும் பரவிக் காதில் ஊளையாக விழும். மெதுவாகப் போகும்போது சத்தம் அதிகம் கேட்பதும் இதனால்தான்: வேகம் குறையக் குறைய இந்தப் பிடித்து வழுக்கும் ஆட்டம் கூடும், காற்று, என்ஜின் இரைச்சலும் அடங்கியிருக்கும்.

ஆக, இரண்டு கேள்வி. உரசும் பரப்பு ஏன் அதிர்வைக் கிளப்புகிறது? கிளம்பிய அதிர்வை ஏன் யாரும் அடக்கவில்லை? முதலாவதற்குப் பதில் பளபளத்துப்போன பேட், எண்ணெய், அழுக்கு. இரண்டாவதற்குப் பதில் காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடர் பின் காய்ந்துபோனது, காணாமல் போன ஸ்பிரிங் தகடு, பேட் பின்னால் இருக்கவேண்டிய மெல்லிய தகடு இல்லாதது. உப்புத்தாள் முதல் கேள்விக்கு மட்டும்தான் மருந்து. மண்சாலை வண்டி தள்ளக் கனமாக இருக்கிறது என்கிறார். எனக்கு ஸ்லைடர் பின் மேல்தான் சந்தேகம்.

கரித்துணி:
நட்டுபோல்ட் அண்ணா, கழற்றுவதை ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுங்களேன். நானும் இதே வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நட்டுபோல்ட்:
சரி. ஒற்றை பிஸ்டன் அல்லது ஒரே பக்கம் இரட்டை பிஸ்டன் உள்ள, நகரும் வகைக் காலிப்பருக்குச் சொல்கிறேன். பெரும்பாலான சின்ன, நடுத்தர வண்டிகளில் இதுதான் இருக்கும்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்துங்கள். பேடைத் தாங்கும் பின் போல்ட்டை, காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். காலிப்பரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திருப்ப முயன்றால் ஆலன் தலை வழுக்கி உருண்டையாகிவிடும். அப்புறம் ஃபோர்க்கில் இருக்கும் இரண்டு காலிப்பர் போல்ட்டையும் எடுங்கள். காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, ஒரு கம்பியால் ஃபோர்க்கில் கட்டிவையுங்கள். காலிப்பர் வெளியே இருக்கும்போது லீவரைத் தொடவே கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு மரத்துண்டு செருகிவிடுவது நல்லது.

உள்ளே கறுப்புத் தூள் அப்பியிருக்கும். வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் பிடிக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழைய வண்டியில் எந்தக் காலத்து லைனிங் இருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது. முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடையுங்கள், இல்லை பிரேக் கிளீனர் அடித்து வழியவிடுங்கள்.

பேடை எடுத்தவுடன் துடைக்க அவசரப்பட வேண்டாம். அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிஸ்டன் பக்கப் பேட் மெலிந்து எதிர்ப்பக்கப் பேட் தடிமனாக இருந்தால் காலிப்பர் நகரவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்து ஆப்பு மாதிரி இருந்தால் காலிப்பர் சாய்ந்து பிடிக்கிறது. இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்து, பரப்பு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னினால் அப்போது வேகத்தடை சொன்ன உப்புத்தாள் போதும்.

வேகத்தடை:
நன்றி, கடைசி வரியிலாவது என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு 🙂

பேடின் பின்புறம் காப்பர் கிரீஸ் தடவினால் சத்தம் நிற்கும் என்பது உண்மையா? சிலர் வெண்ணெய் மாதிரி அப்பிவைக்கிறார்கள்.

கரித்துணி:
உண்மைதான், ஆனால் அளவு முக்கியம். பேடின் இரும்புத் தகட்டில் பிஸ்டன் தொடும் இடத்திலும், தகட்டின் காதுகள் உட்காரும் இடத்திலும் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். அதிகமாகப் போனால் சூட்டில் இளகி லைனிங் பக்கம் வந்துவிடும், அப்புறம் சத்தம் போய்ப் பிரேக்கும் போய்விடும். காப்பர் கிரீஸில் உலோகத் துகள் இருப்பதால் ரப்பர் சீலுக்குப் பக்கத்திலும் அலுமினிய காலிப்பரிலும் செராமிக் வகை நல்லது என்பது என் கருத்து.

நட்டுபோல்ட்:
என் கருத்தும் அதுதான். ஸ்லைடர் பின்னுக்கு மட்டும் வேறு: பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் அங்கே போகக் கூடாது. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலோடு சேர்ந்து வேலை செய்ய வந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதி உப்பிவிடும். உப்பிய பூட் (பின்னை மூடும் ரப்பர் உறை) பின்னை இறுக்கிப் பிடிக்கும். பார்த்தீர்களா, சத்தத்தை நிறுத்தப் போட்ட கிரீஸே அடுத்த வருடச் சத்தத்துக்கு வித்து. டபிள்யூடி-40 பற்றி யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: பிரேக்கின் எந்தப் பகுதியிலும் வேண்டாம்.

மண்சாலை:
கழற்றிவிட்டேன். அண்ணா சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் இரண்டு பின். மேல் பின் விரலால் தள்ளினால் வெண்ணெய் மாதிரி போய் வருகிறது. கீழ்ப் பின் அசையவே இல்லை, முறுக்கி முறுக்கி இழுத்துத்தான் எடுத்தேன். அதன் ரப்பர் பூட்டில் மடிப்புக்குள் ஒரு கிழிசல், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த சேறு நிறத்தில் கெட்டியான ஏடு. பின் மேல் ஒரு பக்கம் மட்டும் துரு ஏறிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. உள்பக்கப் பேட் கீழ்முனையில் மெலிந்து ஆப்பு மாதிரிதான் இருக்கிறது, வெளிப்பேட் பரவாயில்லை. இரண்டின் முகமும் மின்னுகிறது. ஸ்பிரிங் தகடு இருக்கிறது, வளையவில்லை.

இப்போது பேடை மாற்றுவதா, தேய்த்துப் போடுவதா?

நட்டுபோல்ட்:
நல்ல வேலை. துரு மேலோட்டமாக இருந்தால் மெல்லிய நைலான் உராய்வுத் துணியால் துடைத்து எடுக்கலாம். நகத்தை வைத்து வழித்துப் பாருங்கள். பள்ளம் நகத்தில் தட்டினால் பின்னை மாற்றிவிடுங்கள். பூட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும், அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். பின் நுழையும் துளைக்குள் பழைய கிரீஸைத் துணி சுற்றிய குச்சியால் முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். துளையை நிரப்பிவிடாதீர்கள். உள்ளே காற்று அடைபட்டால் பின் ஸ்பிரிங் மாதிரி வெளியே தள்ளும், காலிப்பர் நகராது.

அடுத்தது பிஸ்டன். லீவரைத் தொடக் கூடாது என்று சொன்னதற்கு இந்த ஒரு வேலை மட்டும் விலக்கு. பழைய பேட் ஒன்றையும் ஒரு மெல்லிய மரத்துண்டையும் எதிரே வைத்து, லீவரை மிக மெதுவாக அழுத்திப் பிஸ்டனைச் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே வரவையுங்கள். மரத்துண்டு இருப்பது அது மொத்தமாகப் பிதுங்கி வராமல் இருக்கத்தான். தெரியும் விளிம்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர் வைத்துச் சுற்றிலும் தேயுங்கள். கழுவி, உலர்த்தி, புதிய பிரேக் ஆயில் ஒரு சொட்டு விரலில் எடுத்து விளிம்பில் தடவி, கையாலேயே உள்ளே தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறும். நிரம்பி வழிந்து டேங்கில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும். மூடியைத் திறந்து ஒரு கண் வைத்திருங்கள், சுற்றித் துணி போடுங்கள்.

பேட் விஷயம். ஆப்பாகத் தேய்ந்ததைத் தேய்த்துச் சமன் செய்யப் பார்த்தால் தடிமன் முழுக்கப் போகும். இரு முனைக்கும் வித்தியாசம் கண்ணுக்கே பளிச்சென்று தெரிகிறது என்றால் ஜோடியாக மாற்றிவிடுவதுதான் சரி. இந்த இடத்தில் சர்வீஸ்காரர் சொன்னதில் பாதி சரியாகிவிட்டது. ஆனால் பின்னைக் கவனிக்காமல் புதுப் பேட் போட்டிருந்தால் அதுவும் இப்படியேதான் ஆகியிருக்கும்.

டிஸ்க்கை அளந்தீர்களா? குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். ஓரத்தில் ஒரு விளிம்பு எழும்பியிருக்கும், அதைச் சேர்த்து அளக்காமல் உரசும் பாதையில் நாலைந்து இடத்தில் அளக்கவேண்டும்.

மண்சாலை:
4 என்று பொறித்திருக்கிறது. எங்கே அளந்தாலும் 4.6க்குக் குறையவில்லை. ஆக டிஸ்க் தப்பித்தது. பேட் வாங்கப் போகிறேன். ஆர்கானிக், சின்டர்டு என்று இரண்டு வகை காட்டுகிறார்கள், எதை எடுக்க?

கரித்துணி:
சத்தம்தான் கவலை என்றால் ஆர்கானிக். பிசினில் இழைகளைப் பிணைத்துச் செய்தது, மென்மையானது, அதிர்வைத் தானே விழுங்கும். சீக்கிரம் தேயும். சின்டர்டு என்பது உலோகத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்தது. மழையிலும் கடும் சூட்டிலும் பிடிப்பு விடாது, நெடுநாள் வரும், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். வண்டியோடு எந்த வகை வந்ததோ அதையே போடுவது எப்போதும் பாதுகாப்பு, ஏனென்றால் எல்லா டிஸ்க்கும் சின்டர்டு பேடைத் தாங்கும்படி செய்தது அல்ல.

தூசிப்படலம்:
இடையில் நுழைகிறேன். என் வண்டியில் பின்சக்கர டிஸ்க்கில் செயின் ஸ்ப்ரே தெறித்துவிட்டது. பேடை அடுப்பில் வைத்துச் சுட்டால் எண்ணெய் எரிந்து போய்விடும் என்று ஒரு வீடியோவில் காட்டுகிறார்கள். செய்யலாமா?

வேகத்தடை:
ஒருவர் செய்ததைப் பார்த்திருக்கிறேன். புகை வந்தது, சத்தமும் நின்றது.

நட்டுபோல்ட்:
புகை வந்தது எண்ணெயிலிருந்து மட்டுமா, லைனிங்கைப் பிணைத்திருக்கும் பிசினிலிருந்துமா என்று யாருக்குத் தெரியும்? பேட் ஸ்பான்ஜ் மாதிரி நுண்துளை உள்ள பொருள். ஊறிய எண்ணெய் ஆழத்தில் இருக்கும், சூடாகும்போது மறுபடி மேலே வரும். அதைவிட மோசம், லைனிங்கை இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் பசை சூட்டில் தளர்ந்தால் ஓடும்போது லைனிங் தனியே கழன்றுவிடலாம். மேலே ஒன்றிரண்டு துளி தெறித்தது என்றால் பிரேக் கிளீனரால் துடைத்து, மேல் பரப்பை உப்புத்தாளில் எடுத்துப் பாருங்கள். ஊறிவிட்டது என்றால் தூக்கிப் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க் முன்னால் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள்.

தூசிப்படலம்:
சரி அண்ணா. மேலே மட்டும்தான் என்று நினைக்கிறேன். உப்புத்தாள் எந்த நம்பர்?

கரித்துணி:
பேடுக்கு 120 போதும். கண்ணாடி அல்லது சமமான டைல்ஸ் மேல் தாளை விரித்து, அதன் மேல் பேடை எட்டு போட்டுத் தேயுங்கள். தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் நடு எழும்பி ஓரம் பள்ளமாகிவிடும். மினுமினுப்புப் போய் ஒரே மாதிரி மங்கல் நிறம் வந்ததும் நிறுத்திவிடலாம். டிஸ்க்குக்கு 220 சுற்றி, வட்டப் பாதையில் தேய்க்காமல் குறுக்கும் நெடுக்குமாக. ஏபிஎஸ் வண்டி என்றால் டிஸ்க் பக்கத்தில் இருக்கும் துளைபோட்ட சென்சார் வளையத்தை நெளித்துவிடாதீர்கள். கடைசியில் இரண்டையும் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்த பிறகு வெறும் விரல் படக்கூடாது.

இன்னொன்று: சக்கரம் சுழலும் திசையில் பேடின் முன் விளிம்பை அரத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சரிவாகச் சீவிவிடுவது நல்ல பழக்கம். கூரான விளிம்பு டிஸ்க்கில் கொத்துவதால் வரும் கீச்சு அதில் அடங்கும். பல பேடுகள் சீவியே வருகின்றன.

மண்சாலை:
மாட்டிவிட்டேன். புதுப் பின், புது பூட், ஆர்கானிக் பேட். காலிப்பரை இப்போது ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ள முடிகிறது. சக்கரம் தட்டிவிட்டால் தானாகச் சில சுற்றுச் சுற்றுகிறது, முன்பு அரைச் சுற்றில் நின்றுவிடும். ஊளை போய்விட்டது. ஆனால் பிடிப்பு இப்போது பஞ்சு மாதிரி இருக்கிறது.

நட்டுபோல்ட்:
லீவர் பஞ்சு மாதிரியா, இல்லை வண்டி நிற்க நேரமாகிறதா? இரண்டும் வேறு. லீவர் மெத்தென்று கைப்பிடி வரை வந்தால் பைப்பில் காற்று, வண்டியை வெளியே எடுக்காதீர்கள், காற்று எடுத்த பிறகுதான். லீவர் கெட்டியாக இருந்து பிடிப்பு மட்டும் மந்தம் என்றால் பேட் இன்னும் டிஸ்க்கோடு பழகவில்லை.

மண்சாலை:
லீவர் கெட்டிதான். நிற்க நேரமாகிறது.

நட்டுபோல்ட்:
அப்படியானால் பழக்கவேண்டும். ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகப் பிடித்துக் குறையுங்கள். முழுசாக நிற்காதீர்கள். கொஞ்ச தூரம் காற்றில் ஆறவிட்டு மறுபடி. எட்டுப் பத்துத் தடவை, தடவைக்குத் தடவை சற்று அழுத்தமாக. சூடான பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தில் லைனிங் பொருள் திட்டாக ஒட்டும், பின்னால் துடிப்பாகவும் சத்தமாகவும் திரும்பி வரும். புதுப் பேட் போட்டவுடன் பலர் இதைத் தவறவிட்டுவிட்டுப் பேட் மட்டம் என்று திட்டுகிறார்கள்.

இதைப் படித்து யாராவது கழற்றப் போகிறவர்களுக்கு: மாட்டி முடித்தவுடன், வண்டி ஏறும் முன், லீவர் கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறீர்கள், முதல் அழுத்தலில் பிரேக் இருக்காது. காலிப்பர் போல்ட்டின் முறுக்கம் உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

மண்சாலை:
பழக்கிய பிறகு பிடிப்பு அருமை. மழைக்குப் பின் காலையில் முதல் இரண்டு மூன்று பிடிப்பில் மட்டும் லேசாகக் கீச்சுகிறது, அப்புறம் இல்லை. இதற்கும் எதையாவது கழற்றவேண்டுமா?

கரித்துணி:
வேண்டாம். இரவு ஈரத்தில் டிஸ்க் மேல் மெல்லிய துருப் படலம் படியும். முதல் சில பிடிப்பில் பேடே அதைச் சுரண்டிவிடும்.

கிக்கர்:
டிஸ்க்காரர்கள் பேசி முடித்தாயிற்று என்றால் டிரம் வைத்திருக்கும் எங்களையும் கவனியுங்கள். பின்சக்கர டிரம் பிரேக். மிதித்தால் யானை பிளிறுகிற மாதிரி. லைனிங் பாதிக்கு மேல் இருக்கிறது.

நட்டுபோல்ட்:
வாருங்கள் ஐயா. டிரம்மில் தூள் வெளியே போக வழியில்லை, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றித் தூளை ஈரத்துணியால் எடுங்கள். டிரம்மின் உள்சுவரில் அழுத்தும் ஷூ மின்னினால் உப்புத்தாளில் மங்கலாக்குங்கள், இரு முனையையும் லேசாகச் சீவுங்கள். டிரம்மின் உள்சுவரையும் ஒரு தேய்ப்புத் தேய்க்கலாம். உள்விட்டத்தின் உச்ச அளவு அதிலேயே எழுதியிருக்கும். 130 மில்லிமீட்டர் டிரம் என்றால் பெரும்பாலும் 131. தாண்டியிருந்தால் எந்த ஷூ போட்டாலும் சரியாக உட்காராது.

முக்கியமானது கேம். ஷூவை விரிக்கும் அந்தத் தண்டு காய்ந்திருந்தால் ஷூ விரிந்த பிறகு திரும்பாமல் உரசிக்கொண்டே இருக்கும். அதை வெளியே எடுத்துத் துடைத்து, தண்டிலும் ஷூ மேல் படும் முகத்திலும் சூடு தாங்கும் கிரீஸ் நகக்கண் அளவு. அதற்கு மேல் போனால் டிரம்முக்குள் தெறிக்கும்.

கிக்கர்:
கேமை எடுக்க வெளியே இருக்கும் பிரேக் ஆர்மைக் கழற்றவேண்டுமே. அதில் பல் பல்லாக இருக்கிறது. எந்தப் பல்லில் இருந்தது என்று எப்படித் தெரியும்?

நட்டுபோல்ட்:
பெரும்பாலான வண்டிகளில் தண்டின் முனையிலும் ஆர்மிலும் ஒரு புள்ளி இருக்கும், இரண்டும் நேராக வரவேண்டும். அழுக்கில் தெரியாவிட்டால் கழற்றும் முன் இரண்டுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் மிதிக்கும் தூரம் மாறிவிடும், ஆர்மோடு வரும் தேய்மான முள்ளும் பொய் காட்டும்.

கிக்கர்:
கோடு போட்டாயிற்று. ஸ்பிரிங் எடுக்கும்போது விரல் பத்திரம் என்று யாரும் சொல்லவில்லையே!

கரித்துணி:
இரண்டு ஷூவையும் சேர்த்துப் புத்தகம் மடிப்பது போல வெளிப்பக்கம் மடித்து எடுங்கள் ஐயா. ஸ்பிரிங்கைத் தனியாக இழுக்கவே வேண்டாம். மாட்டும்போதும் அதே மாதிரி, ஸ்பிரிங்கோடு சேர்த்து வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும்.